இடது கைக்குச் சூடு

ஹேண்டில்பாரின் பழைய கிரிப்பை நீளவாக்கில் ஒரு கீறு கீறினால் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும் என்று வீடியோவில் ஒரு பையன் சொன்னான், அவனுக்கென்ன, வண்டி புதுசு, கையும் புதுசு, என் வண்டியின் கிரிப் இத்தனை வருஷத்துப் பனியையும் மழையையும் சாணத்தையும் குடித்து இரும்போடு இரும்பாகிக் கிடக்கிறது, பிளேடு வழுக்குகிறது, மெதுவாக, கனகமணி, மெதுவாக, இடது கையை வெட்டிக்கொண்டால் அப்புறம் இந்தக் கூத்தெல்லாம் எதற்கு, இடது கைக்காகத்தானே ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாகச் சாக்கை விரித்து வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். காலையில் காபி ஆறுவதற்குள் கரடிமட்டம் எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து எஸ்தர் போன் பண்ணிவிட்டாள், அவள் மாடு மேகலா விடிந்ததிலிருந்து கத்துகிறாளாம், புல்லைத் தொடவில்லையாம், வாலைத் தூக்கித் தூக்கி அடிக்கிறாளாம். காலையில் பருவம் தெரிந்தால் சாயங்காலம் சினை ஊசி, சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலையில் ஊசி, அதுதான் கணக்கு, அதனால் சாயங்காலத்துக்குள் கரண்டில் சூடாகிற இந்த இரண்டு புதுக் கிரிப்பும் வண்டியில் ஏறி, வயர் ஏறி, சூடும் ஏறியாக வேண்டும். ஊசி என்று பெயர்தான், அதில் குத்துகிற ஊசி எதுவும் இல்லை. மாடு சாணம் போடுகிற வழியாக இடது கையை முழங்கைக்கு மேலே வரை விட்டு, உள்ளே கர்ப்பப்பையின் கழுத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகு வலது கையால் கன்று வருகிற வழியாக, விந்து ஏற்றிய மெல்லிய கம்பியை விட்டு அந்தக் கழுத்துக்குள் பதமாகச் செலுத்த வேண்டும். கண்ணுக்கு அங்கே ஒரு வேலையும் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு செய்கிறவர்களும் உண்டு, நானும் அப்படித்தான். இடது கை விரல்தான் கண்.

அந்தக் கண்தான் இந்தக் குளிர்காலத்தில் குருடாகிவிட்டது. முதலில் மோதிர விரல், அப்புறம் நடு விரல், அப்புறம் கட்டைவிரல் தவிர எல்லாமே, விடியற்காலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு போய் இறங்கிப் பார்த்தால் சாக்பீஸ் நிறத்தில் இருக்கும், கிள்ளினால் யாரையோ கிள்ளுகிற மாதிரி இருக்கும். கம்பளிக் கையுறை போட்டுப் பார்த்தேன், பனி அதை நனைத்து ஈரத்துணியைச் சுற்றிக்கொண்ட மாதிரி ஆக்கிவிட்டது, தோல் கையுறை போட்டால் கிளட்ச் எங்கே இருக்கிறதென்றே தெரியவில்லை, கொண்டை ஊசி வளைவில் கிளட்சைத் தேடுகிற வயசா எனக்கு. மனுஷ டாக்டர் பார்த்துவிட்டு, குளிர் பட்டால் ரத்தக்குழாய் சுருங்கிக்கொள்கிறது, வயசும் ஆகிறது, சூடாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார், சூடாக வைத்துக்கொள்ள வேண்டுமானால் நான் ஹாஸ்டலில் இட்லிதான் அவிக்கப் போகவேண்டும், அந்த வேலைக்குத்தான் வீட்டில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரே. இருக்கிறார், முக்காலி போட்டு உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டு, நான் வயரைத் தொடும்போதெல்லாம் கண்ணை இடுக்கிக்கொண்டு. கரண்டு அடித்துவிடுமோ என்று இதோடு மூன்றாவது தடவையாகக் கேட்டுவிட்டார். பன்னிரண்டு வோல்ட்டில் கொசுகூடச் சாகாது என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர், நாச்சிமுத்து என்று பெயர், நூறு பிள்ளைகளுக்குக் கொதிக்கிற சாம்பார் அண்டாவை ஒற்றை ஆளாக இறக்குவார், ஒரு பியூஸைக் கண்டால் பயம்.

கீறிவிட்டேன், வந்துவிட்டது, உரிந்த இடத்தில் ஹேண்டில்பார் பளபளவென்று கல்யாணப் பாத்திரம் மாதிரி இருக்கிறது. இப்போது ஹெட்லைட்டைக் கழற்ற வேண்டும், சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வருகிற வயர் அதற்குள்ளேதான் எங்கோ இருக்கிறது, நேராக பேட்டரியில் கொடுத்துவிட்டால் ஒருநாள் அணைக்க மறந்து காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும், அன்றைக்குப் பார்த்து யாராவது ஒருத்தி வீட்டு மாடு கன்று போட முடியாமல் திணறும். ஹெட்லைட் கூட்டுக்குள் வயர்கள் எல்லாம் ஒன்றையொன்று கட்டிப் புரண்டுகொண்டு கிடக்கின்றன, எட்டிப் பார்த்தால் இருட்டு, இவர் டார்ச்சைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார், வேண்டாங்க, வெளிச்சம் வந்தால் எனக்குக் குழம்பிவிடும், கையை விட்டுவிட்டேன். விரலால் ஒவ்வொன்றாக உருட்டினேன், இது தடிமன், இது மெலிசு, இது ஹார்னுக்குப் போகிறது, இதில் டேப் சுற்றியிருக்கிறது, எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பயிற்சியில் முதல்நாள் இப்படித்தான், கசாப்புக் கூடத்திலிருந்து கொண்டுவந்த கர்ப்பப்பையை ஒரு சாக்குப்பைக்குள் போட்டு, கையை விட்டுக் கழுத்து எது என்று சொல்லுங்கள் என்றார்கள், கூட நின்ற ஆண்பிள்ளைகள் எல்லாம் இந்தம்மாவுக்கு இதெல்லாம் எதற்கு என்று வாய்க்குள் சிரித்தார்கள், நான் கண்ணை மூடிக்கொண்டு விட்டேன், வழவழவென்று எல்லாம் நழுவி ஓட, நடுவில் ஒன்று மட்டும் உரித்த கோழிக் கழுத்து மாதிரி கெட்டியாக, முடிச்சு முடிச்சாக நின்றது. இதுதான் என்றேன். அதற்கப்புறம் எத்தனை மாடு, எத்தனை கன்று, ஒரு மாட்டுக்குள்ளே கையை விட்டால் அதற்கு வயசென்ன, நேற்றுத் தின்றதென்ன, சந்தையில் ஏமாற்றி விற்றுவிட்டார்களா என்பதுவரை சொல்லிவிடுவேன், வீட்டில் கணவன் மனசில் என்ன ஓடுகிறது என்பதுதான் இன்றைக்கு வரைக்கும் கைக்கு அகப்படவில்லை.

உண்மையில் அதுவும் தெரியும். இவருக்கு முட்டி வலி. மலை ஏறி இறங்கி ஹாஸ்டலுக்குப் போய்வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று வானத்தைப் பார்க்கிற மாதிரி நடிப்பார். எங்கள் கால்நடை மருத்துவர், நல்ல பையன், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவான், போன வாரம் கூப்பிட்டு, கீழே சமவெளியில் ஆபீசில் ஒரு இடம் காலியாகிறது, உட்கார்ந்த வேலை, குளிர் கிடையாது, உங்களுக்குக் கேட்டு வைத்திருக்கிறேன், திங்கட்கிழமை காலையில் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றான். திங்கட்கிழமை என்றால் நாளைக்கு. வீட்டுக்கு வந்து சொன்னேன், இவர் முகத்தில் ஒரு வினாடி, ஒரே வினாடி, ஒரு வெளிச்சம் வந்துபோனதைப் பார்த்துவிட்டேன். அப்புறம் வெங்காயம் நறுக்கிக்கொண்டே இருந்தார், வெங்காயம் முழுவதும் நறுக்கி முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கீழ போனா எனக்கு முட்டி வலிக்காது. உனக்குத்தான் வாய் வலிக்கும், நாள் பூரா என்னையத் திட்டிட்டே இருப்ப. ரோசன பண்ணிக்க புள்ள."

இதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இன்று வரை சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஒரு முடிவுக்கு வந்திருப்பேன், சொல்லாத மனுஷனோடு எப்படிச் சண்டை போடுவது. அதனால் நானே எனக்குள் ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன், கிரிப் வாங்கிப் போட்டுப் பார்ப்பது, அதற்கப்புறம் முதல் மாட்டில் விரல் பேசினால் மலையிலேயே இருந்துவிடுவது, பேசாவிட்டால் திங்கட்கிழமை சரி என்று சொல்லிவிடுவது, ஆபீசில் உட்கார்ந்து மற்றவர்கள் போட்ட ஊசியைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருப்பது. அந்த முதல் மாடு வேறு எதுவாகவாவது இருந்திருக்கக் கூடாதா, மேகலாவாகவா வர வேண்டும். கார்த்திகை மாசத்தில் புல்லெல்லாம் உப்புக் கொட்டின மாதிரி உறைபனி விழுந்த காலையில் இதே மேகலாவுக்கு ஊசி போட்டேன், கையை விட்டேன், ஒன்றுமே தெரியவில்லை, கழுத்து எது குடல் எது என்று தெரியவில்லை, மரக்கரண்டியால் துழாவுகிற மாதிரி இருந்தது. அன்றைக்கு எத்தனை நேரம் நின்றேனோ, மாடே திரும்பிப் பார்த்தது. கடைசியில் இங்கேதான் இருக்கும் என்று ஒரு குத்துமதிப்பில் கம்பியை விட்டுவிட்டு வந்தேன், எஸ்தரிடமும் சொன்னேன், இன்றைக்குக் கை சரியில்லை, மறுபடி கத்தினால் உடனே கூப்பிடு என்று. அவளோ மகளுடைய பிரசவத்துக்கென்று திருப்பூர் போய்விட்டாள், மாட்டைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுக்காரருக்குக் கத்தினதும் தெரியாது கதறினதும் தெரியாது. இன்று கத்துகிறது. சினை நின்றிருந்தால் கத்தாது, அப்படியென்றால் அன்று போட்டது வீண். அதே மாசத்தில் போட்ட இன்னும் இரண்டு மாடுகளும் திரும்பக் கத்திவிட்டன. எஸ்தருக்கு இருக்கிறது அந்த ஒரு மாடுதான், அது கன்று போட்டால்தான் பால், தேயிலை பறிக்கிற கூலியில் மகளுக்கும் பேரப்பிள்ளைக்கும் என்ன அனுப்புவாள். என் விரல் மரத்துப்போனால் அவள் வீட்டில் ஒரு வருஷம் பால் இல்லை.

வயர் கிடைத்துவிட்டது. சாவியைத் திருப்பினால் டெஸ்ட் பல்பு எரிகிறது, மூடினால் அணைகிறது, திருப்பினால் எரிகிறது, இவரையும் ஒருதரம் திருப்பச் சொன்னேன், திருப்பிவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பியூஸ் வைத்து, முறுக்கி, டேப் சுற்றி, ஆக்சிலேட்டர் பக்கத்து வயரை மட்டும் கொஞ்சம் தொளதொளவென்று விட வேண்டும், இறுக்கிக் கட்டினால் முறுக்கின ஆக்சிலேட்டர் திரும்பி வராது, வளைவில் வண்டி நேரே போய்த் தேயிலைக்குள் இறங்கும், அதையெல்லாம் நன்றாகத்தான் செய்தேன். அப்புறம்தான் கிரிப்பை ஏற்றினேன். ஏறுவேனா என்றது. புது ரப்பர், பாதியில் நின்றுகொண்டது, தள்ளினேன், முறுக்கினேன், உள்ளங்கை சிவந்துவிட்டது, என் கை தானாகவே பைக்குள் போய் அந்தப் பாட்டிலை எடுத்துவிட்டது, பாரஃபின் எண்ணெய், மாட்டுக்குள் கையை விடுவதற்கு முன்னால் கையுறையின் மேல் தடவிக்கொள்வது. இறுக்கமாக எதைப் பார்த்தாலும் அதைத் தடவுவதுதான் என் வழக்கம், வளையலானாலும் கதவுத் தாழ்ப்பாளானாலும். தடவினேன். ஆஹா, என்ன சுகமாக ஏறியது, ஒரே வழுக்கில் கடைசிவரை போய் உட்கார்ந்தது, பார்த்தீர்களா என்று இவரைப் பெருமையாகப் பார்த்தேன், இவரும் தலையை ஆட்டினார், பிறகு எழுந்து வந்து கிரிப்பை ஒரு விரலால் தொட்டுச் சுற்றினார். சுற்றியது. நிற்காமல் சுற்றியது, ராட்டினம் மாதிரி. தண்ணீராக இருந்தால் காய்ந்திருக்கும், இந்த எண்ணெய் பொங்கல் வந்தாலும் காயாது. பள்ளத்தில் வண்டி குலுங்கும்போது பிடித்திருக்கிற பிடியே சுற்றிக்கொண்டால் அப்புறம் பிடி எதற்கு. இவர் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல், சிரிக்காமல் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவுகிற சோப்பும் கொதித்த தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார்.

கழுவ வேண்டியதைக் கழுவினோம், இரண்டு பேரும் சேர்ந்து, கிரிப்புக்குள் துணியை விட்டுத் துடைத்து, ஹேண்டில்பாரை ஸ்பிரிட்டால் துடைத்து, மறுபடி சோப்பு, மறுபடி ஸ்பிரிட். எண்ணெய்ப் பிசுக்கு எப்படிப் போகிறதென்று எனக்கு என்ன தெரியும், இவருக்குத் தெரியும், வாழ்நாள் முழுக்க வடைச் சட்டி தேய்த்தவர், கொதிக்கிற தண்ணீர் முதலில், சோப்பு அப்புறம், அவசரப்பட்டால் மறுபடி ஒட்டிக்கும் என்று சொல்லிச் சொல்லித் தேய்த்தார். பிறகு பசையைத் தடவினோம், அவர் பக்கத்திலிருந்து தள்ள, நான் இழுக்க, கோணாமல் ஏறி உட்கார்ந்தது, இரண்டு முனையிலும் மெல்லிய கம்பியைச் சுற்றி முறுக்கிவிட்டேன், முறுக்கின நுனி உள்ளங்கையில் குத்தாத பக்கமாக. வெயில் வந்திருந்தது. பசை காயட்டும் என்று வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு பட்டாணிக் குழம்பும் சோறும் சாப்பிட்டோம், வாசலிலேயே, வண்டியைப் பார்த்துக்கொண்டே. ஒருதரம் எழுந்துபோய்ச் சுற்றிப் பார்த்தேன், அசையவில்லை, இவர் போய்ச் சுற்றிப் பார்த்தார், அவருக்கும் அசையவில்லை. கீழே பள்ளத்தில் தேயிலை பச்சையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது, யார் வீட்டிலோ ரேடியோ பாடிக்கொண்டிருந்தது, எனக்கு வயிறும் நிறைந்திருந்தது மனசும் நிறைந்திருந்தது, நாளைக்கு என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியாமலே நிறைந்திருந்தது. ஒரு மனுஷி இப்படியும் இருக்கலாம்போல. சுவிட்சைப் போட்டேன். முதலில் ஒன்றும் இல்லை, பிறகு ஏதோ இருக்கிறதா இல்லையா என்கிற மாதிரி, பிறகு சந்தேகமே இல்லாமல், சூடு. அவர் கையைப் பிடித்து இழுத்து வைத்தேன், கரண்டெல்லாம் அடிக்காது, வையுங்க என்று, வைத்தார், வைத்த கையை எடுக்கவேயில்லை, இப்படி ஒன்றை முட்டிக்கும் விற்கிறார்களா என்று கேட்டார்.

சாயங்காலம் கிளம்பும்போது மலைமேலிருந்து மூட்டம் இறங்கத் தொடங்கிவிட்டது, முதல் வளைவிலேயே குளிர் கழுத்துக்குள் புகுந்தது, காது போயிற்று, மூக்கு போயிற்று, கை மட்டும் வேறு யாரோ நன்றாக வாழ்கிறவளுடைய கை மாதிரி இதமாக இருந்தது. உள்ளங்கைக்குத்தான் சூடு, விரல் நுனிக்கு வருகிறதா, வருகிற மாதிரிதான் இருக்கிறது, இல்லை, வர வேண்டும் என்று நினைப்பதால் வருகிற மாதிரி இருக்கிறதா. கிரிப் சுற்றவில்லையே, இல்லை. பேட்டரி இறங்கிவிடுமோ, ஹார்னை அடித்துப் பார்த்தேன், நல்ல சத்தம்தான், எதிரே ஒரு காட்டெருமை நின்று யாரது என்கிற மாதிரி பார்த்தது, சாவகாசமாக ஓரம் போயிற்று. விரலை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தொட்டுக்கொண்டே போனேன், இருக்கிறாயா, இருக்கிறேன், நீ, நானும். சுண்டுவிரல் கொஞ்சம் தயங்கியது. கரடிமட்டத்து இறக்கத்தில் லைன் வீடுகளின் புகை தெரிந்ததும் வண்டியை மெதுவாக்கிவிட்டேன், பரீட்சை எழுதப் போகிற பிள்ளை மாதிரி, எத்தனை ஆயிரம் மாட்டுக்குள் கை விட்டவள் நான், இப்போது வந்து பயம்.

எஸ்தர் மாட்டைத் தூணோடு சேர்த்துக் கட்டி, கொதித்த தண்ணீர் வைத்து, தலையில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றாள், போன தடவை தப்பிப் போச்சு, இந்தத் தடவை கர்த்தர் கைவிட மாட்டார் டாக்டரம்மா என்றாள், கர்த்தர் கை சரி, என் கையை யார் பார்ப்பது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நீள உறையை மாட்டி எண்ணெய் தடவினேன். மேகலா ஒரு அடி முன்னே வைத்தாள், பிறகு நின்றுகொண்டாள். கம்பியைத் தயார் செய்து வாயில் கவ்விக்கொண்டு கண்ணை மூடினேன். உள்ளே வெதுவெதுப்பு. எல்லாம் தெரிகிறது, முதல் தொடுதலிலேயே தெரிகிறது, எலும்பின் விளிம்பு தெரிகிறது, சாணத்தின் கரடுமுரடு தெரிகிறது, இதோ கழுத்து, அதே கோழிக் கழுத்து, கட்டிக்கொண்டு அழலாம்போல இருந்தது எனக்கு. பிடித்துவிட்டேன், கம்பியை விட வேண்டியதுதான், வலது கையைக் கம்பிக்குக் கொண்டுபோனேன். ஆனால் கழுத்து தன் இடத்தில் இல்லையே, கொஞ்சம் முன்னே தள்ளி, கீழே இழுத்த மாதிரி, எது இழுக்கிறது, கழுத்தை விட்டுவிட்டு விரல் மேலே போயிற்று, கர்ப்பப்பை இரண்டு கொம்பாகப் பிரிகிற இடம், இடது கொம்பு மெலிசாக இருந்தது, வலது கொம்பு அப்படி இல்லை, பருத்து, தோல் மெலிந்து, ஒரு பால் பாக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்ட மாதிரி, அழுத்தினால் உள்ளே தண்ணீர் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு விரலுக்கு நடுவில் அந்தத் தோலை லேசாக, மிக லேசாகத் தூக்கினேன், உள்ளே இன்னொரு மெல்லிய படலம், பட்டு நூல் மாதிரி, விரலிடையில் வழுக்கி நழுவிப் போயிற்று. சினையாக இருக்கும்போதும் சில மாடுகள் ஊசிக்கு வந்த மாதிரி கத்தும், எப்போதாவது, நூறில் ஒன்றிரண்டு, பயிற்சியில் சொன்னார்கள், நான் இரண்டோ மூன்றோதான் பார்த்திருக்கிறேன். கழுத்து தெரிந்ததும் கம்பியை விட்டிருந்தால், இல்லை, விரல் மரத்துப்போய்க் குத்துமதிப்பில் விட்டிருந்தால், கம்பி நேராக அதன்மேல், கரு கலைந்திருக்கும். வாயிலிருந்த கம்பியை வலது கையால் எடுத்துத் தட்டில் வைத்தேன், இடது கை உள்ளேயே இருந்தது. என்னாச்சு டாக்டரம்மா, என்னாச்சு என்று எஸ்தர் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"ஊசி வேண்டாம் எஸ்தரு. உள்ள ஆளு இருக்குது."

அவளுக்குப் புரிய நேரம் ஆயிற்று, எப்பப் போட்ட ஊசி, யார் போட்டது என்றெல்லாம் கேட்டாள், கார்த்திகையில் நான்தான், வேறு யார் இந்தப் பக்கம் வருகிறார்கள் என்றேன், அவள் உட்கார்ந்து முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டாள். உப்புக் கொட்டின மாதிரி பனி கிடந்த அந்தக் காலையில், செத்த விரலை வைத்துக்கொண்டு, எங்கே விடுகிறேன் என்று தெரியாமல் நான் விட்டது, போக வேண்டிய இடத்துக்குத்தான் போயிருக்கிறது, இத்தனை நாளாக நான் அதை வீண் என்று நினைத்து நினைத்துத் தூக்கம் கெட்டிருக்கிறேன், அது பாட்டுக்கு இங்கே இருட்டில் வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. விரல் பேசிவிட்டது, கையை வெளியே எடுத்திருக்க வேண்டும், வேலை முடிந்துவிட்டது, மேகலாகூடத் திரும்பிப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கோ தாயி என்று சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அந்தச் சூட்டிலேயே கையை வைத்துக்கொண்டு நின்றேன்.